கேளாப்பதிக்கு முதல் கடிதம்

குழுவின் மேசையில் தலைப்பக்கம் ஆயர் ஏசுவடியான். அவருக்கு வலப்பக்கம் மருத்துவர் லில்லிபுஷ்பம், இடப்பக்கம் பொறியாளர் தங்கதுரை. கதவோரத்தில் எழுதுபலகையோடு செயலாளர் ஞானப்பூ. ஐந்தாவது நாற்காலியில் ஆள் இல்லை. அதன் மேல் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த உறை ஒன்று கிடந்தது.

ஞானப்பூ அதை மூன்று முறை படித்திருந்தாள். எழுதியவன் மாறன், வயது இருபத்தாறு. அவள் பெற்ற மகன். அது அவனுக்குத் தெரியாது.

அவன் பிறந்த ஆண்டில்தான் ஈற்றுமானி வந்தது. சாகிறவரின் மூளையில் கடைசி நான்கு நிமிடம் ஓடும் அலையை வரைந்து காட்டும் கருவி. சுவிசேஷத்தைக் கேட்டும் அதன்படி நடக்காதவர்களின் அலை, பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி கொந்தளித்தது. அதைக் கேள்விப்பட்டே இராத தீவுவாசிகள் சிலரின் அலையோ குளத்துநீர் போலக் கிடந்தது. விசுவாசிகள் பயந்துபோனார்கள். கேட்டால்தானே பொறுப்பு? கைக்குழந்தைகளைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். இயந்திரத் தாதிகள் வளர்த்தன. கேளாப்பதி என்ற ஊர் அங்கே எழுந்தது. அங்கே ஜெபம் இல்லை, பாட்டு இல்லை, வானொலி இல்லை. ஆண்டுக்கொரு சரக்கோடம் போகும். மருந்து, விதை, அவற்றின் பட்டியல். கடிதம் என்று ஒன்று இதுவரை போனதில்லை.

ஆயர் படித்தார்: "காற்றறையின் கதவைப் பார்க்காமல் மூடிவிட்டேன். உள்ளே என் கூட்டாளி இருந்தான், காற்று வெளியேறிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. என் நுரையீரலும் கெட்டுவிட்டது. இந்த ஓடம் திரும்பி வரும்வரை இருப்பேன், அடுத்தது வரை மாட்டேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் செத்துவிட்டான். யாரிடம் கேட்பது?"

லில்லிபுஷ்பம் தாள்களைப் பரப்பினார். "போன வருஷம் அங்க செத்த பதினோரு பேரோட அலை இது. ஒண்ணாவது அமைதியா இருக்கான்னு பாருங்க ஐயா."

"மனச்சாட்சி பொறக்கும்போதே உள்ள இருக்கு," என்றார் தங்கதுரை. "குத்தத்தான் செய்யும்."

"குத்தட்டும்," என்றார் லில்லிபுஷ்பம். "குத்துனா போய் நிக்க ஒரு வாசல் வேண்டாமா? அதத்தான நாம அடைச்சு வச்சிருக்கோம்."

"ஒருத்தன்கிட்ட சொன்னா தொள்ளாயிரம் பேருக்கும் போயிரும். அத்தன பேர் தலையிலயும் பொறுப்பு ஏறும்." தங்கதுரை ஞானப்பூவின் பக்கம் திரும்பினார். "யக்கா, உங்க பையங்கிறதுக்காக ஒரு ஊரையே மாட்டிவிட முடியுமா?"

"நான் வாயே தொறக்கலியே தம்பி," என்றாள் ஞானப்பூ. "எழுதத்தான வந்திருக்கேன்."

ஆயர் கடிதத்தை மடித்து உறையில் வைத்தார். பிறகு தங்கதுரையின் பேச்சுக்கு ஆதரவாகக் கை தூக்கினார். "எழுதிக்கோங்கம்மா. உங்கள் கேள்விக்குக் குழுவிடம் பதில் இல்லை. வேற ஒண்ணும் வேண்டாம்."

பள்ளிக்கூடத்தில் படிந்த முறைப்படி ஞானப்பூ எழுதினாள். வலப்பக்கம் தேதி, நடுவில் தலைப்பு வரி, பிறகு விளிப்பு, பிறகு விஷயம். மூவரும் கையெழுத்திட்டார்கள். லில்லிபுஷ்பம் மட்டும் பேனாவை மூடாமலே எழுந்து ஜன்னலோரம் போனார்.

மடிப்பதற்கு முன் மேலிருந்து ஒருமுறை படிப்பது ஞானப்பூவின் வழக்கம். தலைப்பு வரியில் அவள் கண் நின்றது.

'பாவங்களை மன்னிக்கிற இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.'

எந்தக் கடிதமானாலும் கை தானாக எழுதிவிடும் வரி. முப்பது வருடமாகப் பார்த்துப் பார்த்து, அந்த மூவரின் கண்ணும் அதைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்கும்.

மாறன் தாண்டமாட்டான். அவன் அந்தப் பெயரை முதல்முறை பார்ப்பான். யார் அவர், எங்கே இருக்கிறார் என்று ஊரெல்லாம் கேட்பான். சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அதே தாளில், அந்தப் பெயருக்குக் கீழே, பதில் இல்லை என்று மூன்று கையெழுத்து இருக்கும். அன்றிலிருந்து தொள்ளாயிரம் பேரும் கேட்டவர்கள். பாதி மட்டும் கேட்டவர்கள். பாதி கேட்டவரின் அலை எப்படி ஓடும் என்று எந்த மானியும் இதுவரை வரைந்ததில்லை.

"என்னக்கா, பிழையா?" என்றார் தங்கதுரை.

"இல்ல தம்பி. தேதியப் பாத்தேன்."

தாளை மூன்றாக மடித்தாள். அரக்கை உருக்கி முத்திரையை அழுத்தி, அது ஆறும்வரை ஊதினாள். சுவர்க்குழாயின் வாயில் உறையை வைத்ததும் குழாய் அதை உறிஞ்சிக்கொண்டு ஓடத்துறைக்கு அனுப்பியது.