குதிரைச் சின்னம் அணிந்த பிரிகேடியர்

இராணுவக் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றுத் துப்பறிபவரான அவரை அனைவரும் ஆமை என்றே அழைத்தனர், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பதில் கூறுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது அவர் வழக்கம். உதவியாளர் பட்டாசோ, கேள்வி முடியுமுன்னரே வெடித்துவிடுவார்.

அன்று வந்த பெண்மணியின் மடியில் அவரே பின்னிய கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. கணவர் கர்னல், போர்முனையில் காணாமற்போனவர்.

"கொழுந்தன் ஒரு பிரிகேடியரைக் கூட்டிட்டு வந்தார் சார். 'உங்க வீட்டுக்காரர் எதிரி சிறையில உயிரோட இருக்கார்'னு அவர் சொன்னார். அங்க ரொம்பக் குளிராம். இதைக் குடுத்தனுப்பணும். அந்தப் பிரிகேடியரைத்தான் கண்டுபிடிக்க முடியல."

"நம்பிக்கையான ஆளாத் தெரிஞ்சாரா?"

"தோள்ல என் வீட்டுக்காரர் படைப்பிரிவோட குதிரைச் சின்னம் இருந்துச்சே!"

ஆமை கண்ணாடியைத் துடைத்தார்.

பிற்பகல் இருவரும் பெண்மணியின் வீட்டிற்குச் சென்று, கர்னலின் அலமாரியைத் திறந்து பார்த்தனர். ஓர் இராணுவ உடுப்பின் கைகள் வெட்டிக் குறுக்கித் தைக்கப்பட்டிருந்தன. பெண்மணி அடுக்களைக்குச் சென்றதும், ஆமை கொழுந்தனை முன்னறையில் அமரவைத்தார்.

"யாருப்பா அந்த ஆளு? நாடகக்காரனா?"

கொழுந்தன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கர்னல் தன் படைப்பிரிவோட சின்னத்தைப் போட்டுக்கலாம். பிரிகேடியர் கையில பல பிரிவு. எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னு, அந்தப் பதவி வந்த அன்னிக்கே நம்ம இராணுவத்துல சொந்தப் பிரிவுச் சின்னத்தைக் கழட்டிடணும். நீ தோள்ல பதவிப்பட்டையை மாத்தினே, குதிரையை விட்டுட்டே."

"அண்ணன் உடுப்பையே திருடிட்டான் சார்!" என்று பட்டாசு துள்ளினார்.

"சும்மா இருய்யா. அண்ணன் திரும்பி வருவார்னு நம்பறவன் அவர் உடுப்புல கத்திரி வைப்பானா?"

கொழுந்தன் முகத்தை மூடிக்கொண்டான்.

"கூட இருந்த சிப்பாய் வந்து சொன்னான் சார். அண்ணனை அங்கேயே புதைச்சிட்டாங்களாம். ஏற்கெனவே அண்ணி பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல. எப்படிச் சொல்லுவேன்? இந்தப் பொய்யைச் சொன்ன அன்னிக்குத்தான் சாப்பிட்டாங்க. பிரிகேடியர் வேற நாட்டுக்குப் போயிட்டார்னு சொல்லிடுங்க சார். உங்க கால்ல விழறேன்."

"அடுத்த குளிருக்கும் ஒண்ணு பின்னுவாங்களேப்பா."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "சார், அவரைக் கண்டுபிடிச்சிடலாமா?"

ஆமை நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பின்னர் அதை அணியாமலே எழுந்தார்.

"சட்டை அனுப்ப வேண்டாம்னு நானே போய்ச் சொல்றேன்," என்றார்.