சனிக்கிழமை வகுப்பு

மழை... ஈப்போவின் மாலை மழை. மெடான் கிட் நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெறும் தூறலாக இருந்தது. சாலையைக் கடப்பதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. செல்லாயி குடையை விரித்தாள். காற்று அதைத் தாமரைப் பூ மாதிரி மேல்பக்கமாக மலர்த்திவிட்டது.

மலர்ந்த குடையோடு, கடை வரிசையின் ஓரமாக ஓடி, ஒரு குறுகலான மரப்படியில் ஏறினாள். அதே நேரம் மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். குடையில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவன் வெள்ளைச் சட்டையில்...

"சாரி" என்றாள், மூச்சு வாங்க.

அவன் சட்டையைப் பார்க்கவில்லை. அவள் கையில் நனைந்துகொண்டிருந்த பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தான். பங்குச் சந்தை உரிமத் தேர்வுக்கு மாலை வகுப்பு என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"லைசென்ஸ் பரீட்சைக்கா? இங்க மட்டும் சேராதீங்க லா" என்றான்.

செல்லாயிக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவன், அதுவும் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு புத்தி சொல்கிறான்.

"ஏன், எதிர்த்த கடையில உங்களுக்குப் பங்கு இருக்கா?"

"இல்ல. போன தடவை இங்கதான் படிச்சேன். ஃபெயில்."

"நீங்க ஃபெயிலானதுக்கு வகுப்பு என்னங்க செய்யும்?"

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவனோ சிரித்தான். சிரிக்கும்போது அவன் கண்கள் பாதி மூடிக்கொண்டன. இமையில் ஒரு துளி மழை... விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல் தொங்கியது. செல்லாயி தேவையில்லாமல் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறிப் போனாள்.

அவளுக்கு அந்தத் தேர்வு விளையாட்டல்ல. ஈப்போவில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள் அவள். உரிமம் எடுத்து வந்தால் வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வாங்கி விற்கும் மேசையில் உட்கார வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த மேசையில் தனி டெலிபோன் உண்டு. இதுவரை அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அம்மா வீரம்மா வேறு கெடு வைத்திருந்தாள். இந்த ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம், தேறாவிட்டால் சிலிம் ரிவரில் தூரத்து மாமன் வீட்டில் கல்யாணப் பேச்சை முடித்துவிடுவார்களாம். அந்த ஊர் ரப்பர்த் தோட்டத்தில்தான் செல்லாயி பிறந்தாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு குடும்பம் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டுக்கு வந்துவிட்டது. உறவு மட்டும் அங்கேயே நின்றுகொண்டு அவளை வா வா என்றது.

ஆகவே எந்த வகுப்பில் சேருவது என்பதை அவள் மாதக் கணக்கில் யோசித்திருந்தாள். மாடியில் இருந்த வகுப்பு நடத்துநர் தேனாகப் பேசினார். எல்லாரையும் தேற்றிவிடுவதாகச் சொன்னார். சேர்ந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் படியில் நின்றவன் மனத்தில் ஒரு முள்ளைப் போட்டுவிட்டிருந்தானே... போன வருடம் வந்த புதுச் சட்டத்தைப் பாடத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவைத்தாள். பழசும் புதுசும் ஒன்றுதான், பயப்படாதே என்றார் அவர். செல்லாயிக்குத் திக்கென்றது. அவள் அலுவலகத்தில் அந்தப் புதுச் சட்டத்துக்காக எத்தனை கடிதங்களை மாற்றி அடித்திருக்கிறாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி இறங்கி வந்தாள்.

அவன் இன்னும் கீழேதான் நின்றுகொண்டிருந்தான். மழையும் விடவில்லை.

"சேந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப எங்கதான் சேரணும்கிறீங்க?"

பக்கத்தில் முகம்மது கௌஸின் உணவுக்கடை. மழை விடும்வரை அங்கே டீ குடிக்கலாம் என்றான். கடை நிறைய ஆட்கள் இருந்ததால் துணிந்து உட்கார்ந்தாள். அவன் பெயர் அர்ச்சுனன். புந்தோங்கில் வீடு. வேறொரு பங்குத் தரகு நிறுவனத்தில், சுவரை அடைத்து நிற்கும் பெரிய கரும்பலகையில் பங்கு விலைகளை எழுதுகிற வேலை. கோலாலம்பூரிலிருந்து விலை வர வர, அழித்து அழித்து எழுத வேண்டும். அவன் காதோரம் சாக்பீஸ் தூள் படிந்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் தன் பெயரை ஷெல்லி என்றாள். அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அது ஆபீஸ் பேரு. வீட்டுல என்ன கூப்பிடுவாங்க?"

சொன்னாள். அவன் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். செல்லாயி... அந்தப் பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

அவன் இந்த முறை கோலாலம்பூரிலிருந்து தபாலில் வரும் பாடங்களில் சேரப்போகிறானாம். சட்டப் பகுதியை வரிக்கு வரி விளக்கியிருக்கிறார்கள், ராத்திரியில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்றான். செல்லாயிக்கு அது சரிப்படாது. லகாட் வீட்டில் தம்பி தங்கைகளின் கூச்சலில் தாளைப் பிரித்தாலே தூக்கம் வரும். யாராவது எதிரே நின்று கேள்வி கேட்டால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அவள் அலுவலகத்துச் சீனத் தோழி ஒருத்தி, மிஸ் வோங் என்ற கணக்காளர் பழைய நகரில் சனிக்கிழமை பிற்பகலில் வகுப்பு எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். கண்டிப்பானவர், வீட்டுப்பாடம் செய்யாதவர்களை வெளியே அனுப்பிவிடுவாராம். அதனாலேயே அர்ச்சுனன் அந்தப் பக்கம் போகவில்லை.

"பயமா?"

"பயமில்ல. மரியாதை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கணமே முடிவும் வந்துவிட்டது. மிஸ் வோங்கிடமே சேர்ந்தாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் வேறு மாதிரி ஆயின. வகுப்பு முடிந்து அவள் பஸ் நிலையத்துப் பக்கம் வந்தால், கௌஸ் கடையின் ஓரத்து மேசையில் தபால் பாடங்களைப் பரப்பிக்கொண்டு அர்ச்சுனன் இருப்பான். முதல் வாரம் தற்செயல் என்றான். அடுத்த வாரமும் தற்செயல்தான் என்றான். மூன்றாவது வாரம் அவள் கேட்கவேயில்லை. அவன் சட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பான், ரொட்டியைத் தரகராகவும் குழம்புக் கிண்ணத்தை வாடிக்கையாளராகவும் வைத்துக்கொண்டு. வாடிக்கையாளரின் பணத்தைத் தரகர் தன் பணத்தோடு கலக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றுவிடுவான். கணக்கு வந்தால் அவன் முகம் சுருங்கிவிடும். இலாப விகிதம், உரிமைப் பங்கின் விலை... அவள் கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, மனத்திலேயே போட்டு விடையைச் சொல்வாள். கண்ணைத் திறந்தால் அவன் விடையை எழுதாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எழுதலையா?"

"எழுதணும்..."

கௌஸ் ஒருநாள் டீயை வைத்துவிட்டு, படிப்பு நல்லாப் போகுதா என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

கோலாலம்பூரில் தேர்வு நடந்தது. அவனுக்கும் அவளுக்கும் வேறு வேறு அறை. முடிவு வந்தபோது செல்லாயி தேறியிருந்தாள். அர்ச்சுனன் சட்டத்தில் மிக நன்றாக எழுதி, கணக்கில் மீண்டும் தவறியிருந்தான்.

அலுவலகத்தில் கைதட்டினார்கள். லகாட்டில் அப்பா பத்துமலை, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். செல்லாயி மட்டும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். ஆறுதலாக என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள். ஓரத்து மேசை காலியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும்... அதற்கடுத்ததும். அர்ச்சுனனுக்கு இப்போதெல்லாம் வேலை அதிகமாம், கௌஸ் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

வேலையாம், வேலை. சனிக்கிழமை சந்தையே கிடையாது என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஏதோ ஒன்று வலித்தது. அதற்கு என்ன பெயர் என்று அவள் அன்றுவரை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டிலோ அம்மா வேறு கணக்குப் போட்டுவிட்டாள். தேறாவிட்டால் கல்யாணம் என்றவள், தேறிவிட்டதால் இனி கல்யாணம்தானே என்றாள். சிலிம் ரிவர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. செல்லாயி அப்பாவிடம் போனாள். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏம்மா? மனசுல யாரும் இருக்காங்களா?"

"தெரியலப்பா. ஒருத்தரைக் கேக்கணும்."

பத்துமலை துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டார். மகளை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"அப்ப கேட்டுட்டு வா" என்றார். "அது வரைக்கும் ஒங்கம்மாவ நான் பாத்துக்கிறேன்."

மறுநாளே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அர்ச்சுனனின் நிறுவனத்துக்குப் போனாள். பார்வையாளர் கூடத்தில் ஓய்வு பெற்ற சீனப் பெரியவர்களும் மார்க்கெட் கூடையோடு வந்த பெண்களும் நாற்காலிகளை நிறைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு முன்னால் நீளமான ஒரு மேடை. அதன்மேல் அர்ச்சுனன், காதில் ஹெட்ஃபோனோடு, இடமும் வலமும் ஓடி ஓடி எழுதிக்கொண்டிருந்தான். திரும்பினான். அவளைப் பார்த்தான்... கை தன் பாட்டுக்கு எதையோ எழுதியது. கூடமே எழுந்து நின்றுவிட்டது. ஈயக் கம்பெனிப் பங்கு ஒன்று ஒரே நொடியில் இரண்டு மடங்கு ஏறியிருந்தது. அவன் பதறி அழித்துத் திருத்தினான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். செல்லாயி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலைச் சந்தை முடிந்ததும் அவன் பின்பக்க நடைவழிக்கு வந்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூள். அவளுக்கு வாழ்த்துச் சொன்னான், அலுவலகக் கடிதம் மாதிரி.

"ஏன் கடைக்கு வரல?" என்றாள் அவள்.

"நீங்க இப்ப லைசென்ஸ்காரங்க. நான் பலகையில எழுதுறவன். ஒரே மேசையில ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"நீங்க சொல்லிக்கொடுத்த சட்டத்துலதான் நான் பாஸானேன். அப்ப நல்லா இருந்துச்சா?"

அவன் சுவரில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

"அடுத்த தடவை பாஸாகிட்டு வந்து பாக்கலாம்னு இருந்தேன்" என்றான் கடைசியில். "பாத்து... சில விசயம் பேசணும்னு."

"அது வரைக்கும் எங்க வீட்டுல சும்மா இருப்பாங்களா? ஞாயித்துக்கிழமை சிலிம் ரிவர்லருந்து பொண்ணு பாக்க வாராங்க."

விரல் நின்றுவிட்டது. அந்தப் பாதி மூடும் கண்கள் முழுதாக விரிந்தன. அவற்றில் இருந்த பயத்தைப் பார்த்ததும் செல்லாயிக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"வர வேணாம்னு சொல்லியாச்சு" என்றாள் மெல்ல. "ஒருத்தரைக் கேக்கணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"என்ன கேக்கணும்?"

"கேக்க வந்தேன். இப்ப கேக்கலை, நானே சொல்லிடறேன்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். கன்னம் சுட்டது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. "எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. லைசென்ஸ் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

நடைவழியில் யாரோ தேநீர்த் தட்டோடு கடந்து போனார்கள். அவர்கள் போகும்வரை இரண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதை நான்தான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சிருந்தேன்" என்றான் அர்ச்சுனன். "இதுலயும் ஃபெயில்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும். சிரித்துக்கொண்டே அவள், மிஸ் வோங்கிடம் பேசிவிட்டதாகவும், அடுத்த சுற்றில் முதல் வரிசையில் ஓர் இடம் வைத்திருக்கச் சொல்லியிருப்பதாகவும், வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் தானே வந்து வெளியே இழுத்துவிடுவதாகவும் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை லகாட்டுக்குத் தான் வரலாமா என்று கேட்டான். கேட்டுவிட்டு உடனே தயங்கினான்.

"உங்கப்பா என் வேலை என்னன்னு கேட்டா?"

"பலகையில எழுதுறேன்னு சொல்லுங்க. எங்கப்பாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஊரே ஒக்காந்து படிக்கிற மாதிரி எழுதுறவரு அவருக்குப் பெரிய ஆளு."

அர்ச்சுனன் சட்டையில் படிந்த தூளைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றான். பிற்பகலுக்குள் பலகையைத் துடைத்து வைக்க வேண்டும். உள்ளேயிருந்து அவனை யாரோ கூப்பிட்டார்கள். இரண்டடி போனவன் திரும்பி வந்தான். கூப்பிட்டவர்களுக்குக் காது கேட்கும் என்பதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை போலிருந்தது.

"செல்லாயி... ஒன்னை எனக்கு அன்னிக்குப் படியிலயே புடிச்சிப்போச்சு. இங்க சேராதீங்கன்னு சொன்னப்ப, வேற எங்க சேந்தாலும் நானும் பக்கத்துல இருக்கணும்னுதான் நெனச்சேன்."

முதல் தடவையாக அவன் 'ஒன்னை' என்று சொன்னதை அவளும் கவனித்தாள், அவனும் கவனித்தான். யாரும் திருத்தவில்லை.