சைரன் அடங்கிய வீடு

தன் மகள் தொண்டையைத் திறந்தால், ஓடுகிற பேருந்து பிரேக் போடாமலே நின்றுவிடும் என்று அந்த ஓட்டுநர் டிப்போவில் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். ஒருமுறை அவள் போட்ட கூச்சலில் தெருவிளக்குகள் வரிசையாக அணைந்தனவாம். மேலே போன விமானம் கொஞ்சம் ஒதுங்கிப் போனதாம். எதிர்வீட்டுக்காரரின் பல்செட்டு, டம்ளர் தண்ணீருக்குள் இருந்தபடியே தந்தியடித்ததாம்.

"அண்ணே, விமானத்தை விட்டுடுங்க. பல்செட்டு வரைக்கும் நம்பறேன்" என்பார் கண்டக்டர்.

நான்கு வயதுப் பெண்ணுக்கு 'சைரன்' என்று பட்டம் சூட்டியவரும் அவர்தான். டிப்போ முழுக்கச் சிரிக்கும். ஓட்டுநரும் சேர்ந்து சிரிப்பார், முழங்கைக்குக் கீழே இருக்கும் பல் தடங்களைச் சட்டைக் கையை இழுத்து மறைத்தபடி.

சைரனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை, பூ மாதிரி உட்கார்ந்திருப்பாள். அடுப்பைப் பார்க்கவோ கதவைத் திறக்கவோ முதுகைக் காட்டினால் போதும், தட்டு பறக்கும், திரைச்சீலை கிழியும், தலையைத் தரையில் முட்டிக்கொள்வாள். அவள் வாயில் இருந்த சொற்களே கொஞ்சம். அதிலும் ஒன்றைத்தான் தேய்த்துத் தேய்த்துச் சொல்வாள். "பாரு! பாரு!" அப்படிக் கத்தும்போது அவள் கண் அப்பா அம்மா மேல் இருக்காது. தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கத்துவாள். அதை ஓட்டுநர் கவனித்திருந்தார். கவனித்து என்ன செய்ய?

முதலில் பார்த்த குழந்தை மருத்துவர், "வளர்ந்தா சரியாயிடும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஸ்டெதஸ்கோப் குப்பைக்கூடையில் கிடந்தது. அடுத்தவர் காதைச் சோதிக்கச் சொன்னார். சோதித்தவர், பிள்ளையின் காது அருமையாக இருக்கிறது, இனிமேல் தன் காதுதான் சந்தேகம் என்றார். பேச்சுப் பயிற்சியாளர் கட்டைவிரலில் கட்டோடு வழியனுப்பி வைத்தார். மழலையர் பள்ளி, சேர்த்த அன்றே பிள்ளையையும் பையையும் வாசலில் நிறுத்திவிட்டு போன் செய்தது. எல்லோரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். எல்லா வரவேற்பறையிலும் அதே மீன்தொட்டி, அதே கிழிந்த படப்புத்தகம், மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் மடிப்பக்கம் இழுத்துக்கொள்ளும் அதே அசைவு.

கடைசியில், மாதக்கணக்கில் காத்துக்கிடந்த பிறகு, குழந்தைகளின் நடத்தைச் சிக்கலுக்கென்றே பேர்போன ஒரு டாக்டரம்மா கிடைத்தார். நரைத்த தலை, தணிந்த குரல். அவருடைய விளையாட்டு அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அறைக்குள் இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். பின்னால் இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

"கவனம்தான் இவளுக்குத் தீனி" என்றார். "கத்தினா பார்க்காதீங்க. ரெண்டு பேரும் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுடுங்க. அடங்கினதும் திரும்பி, கட்டிப்பிடிச்சுப் பாராட்டுங்க."

"ரொம்பக் கத்துவாளே டாக்டர்" என்றாள் மனைவி.

"கத்தட்டும். கூர்மையான பொருளை மட்டும் எடுத்து வெச்சிடுங்க."

ஓட்டுநரின் தோளில் கிடந்த சைரன் தலையைத் தூக்கி டாக்டரம்மாவைப் பார்த்தாள். "பாரு" என்றாள், கத்தாமல், ரகசியம் போல.

அன்று சாயங்காலமே தொடங்கினார்கள். சுவரை அவ்வளவு பக்கத்தில் ஓட்டுநர் பார்த்ததே இல்லை: கொப்புளித்த சுண்ணாம்பு, ஆணி பிடுங்கிய பள்ளம், அதற்குள் குடியிருந்த ஒரு குட்டிச் சிலந்தி. முதுகுக்குப் பின்னால் நாற்காலி விழும் சத்தம், துணி கிழியும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே, "அப்பா பாரு! பாரு!" என்று நரம்பை அறுக்கும் அந்தக் குரல். மனைவி அவர் விரல்களை நெரித்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயைத் திருகி மூடியது போல, பாதிச் சொல்லில், சத்தம் நின்றது.

திரும்பினார்கள். பாயில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என் சமத்து!" மனைவி வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தை மேல் அடித்த வாடை அவளுக்குத் தெரியவில்லை போலும். ஓட்டுநருக்குத் தெரிந்தது, வாளியில் நாள்பட ஊறிப்போன துணியின் வாடை.

நாளாக ஆக, சத்தம் சீக்கிரமே நின்றது. சைரன் சிந்தாமல் சாப்பிட்டாள். சொன்ன நேரத்தில் படுத்தாள்.

"சைரன் ரிப்பேராண்ணே? டிப்போ மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரவா?" என்று கண்டக்டர் கேட்டார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அன்று காலை முதுகைத் திருப்பி நின்று, அடங்கியதும் திரும்பியபோது, மகளின் தலையில் இரட்டைப் பின்னல் இருந்தது. சீப்பைக் கண்டாலே கடித்து உடைக்கிறவள். வகிடு நேராக, பின்னல் இறுக்கமாக, நுனியில் ரிப்பன்.

"நீ எப்போம்மா பின்னி விட்டே?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க இல்லையா?" என்றாள். இருவரும் சிரித்தார்கள். கொஞ்சம்தான் சிரித்தார்கள்.

தலையைத் திருப்பாமலே முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்பதுதான் ஓட்டுநரின் பிழைப்பு. கடைசி சீட்டில் யார் யாருக்குக் கண்ணடிக்கிறார்கள் என்பதுவரை கண்ணாடியிலேயே தெரிந்துகொள்கிற மனிதர். டிப்போவில் பேருந்திலிருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். மறுநாள் சுவரைப் பார்த்து நிற்கும்போது, மனைவிக்குத் தெரியாமல் அதை நெஞ்சோடு பிடித்துச் சாய்த்தார்.

பாய் தெரிந்தது.

பாயில் இரண்டு பேர்.

தலை கலைந்த ஒருத்தி கால்களை உதறிக் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், அதே முகத்தோடு, இரட்டைப் பின்னலோடு, ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். நிதானமாகக் கையைக் கொண்டுவந்து முன்னவளின் வாயின் மேல் வைத்தாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள். வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை.

கண்ணாடி நழுவி உடைந்தது. திரும்பினார். பாயில் ஒருத்திதான். இரட்டைப் பின்னல்.

"அப்பா கண்ணாடியை உடைச்சுட்டாங்க" என்றாள்.

"என்னங்க! முழுசா பேசறா! பாப்பா முழுசா பேசிட்டா!" மனைவி குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஓட்டுநர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

அதற்குப் பிறகு அவள் கத்தவே இல்லை. ஓட்டுநர் அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல் இருந்து பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். பொம்மையைப் பிடுங்கி, பாலைக் கொட்டி, "கத்தும்மா. அப்பாவுக்காக ஒரே ஒரு தடவை கத்து" என்றார்.

"கத்தக் கூடாதுப்பா" என்றாள்.

கண்ணாடியில் கண்டதை ஓட்டுநர் தனியாகப் போய்ச் சொன்னபோது, டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பரிவோடு சிரித்தார். "நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சு சார்? அடம் குறைஞ்சதும் சில பேருக்கு இப்படி வெறிச்சுனு ஆயிடும். பயப்படாதீங்க. ரெண்டு குழந்தையெல்லாம் கிடையாது."

"நீங்க அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்து ஒரு தடவை பாருங்க. அது தன்னை யாரும் பார்க்கலேன்னு நினைக்கணும். நான் கேட்கிறது அவ்வளவுதான்."

"சரி. அப்புறமாவது தூங்குவீங்களா?"

விளையாட்டு அறையில், பெரிய கண்ணாடி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, ஓட்டுநரும் மனைவியும் எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார்கள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. பிளாஸ்டிக் பொம்மைகளின் வெயில் வாசனை மெல்ல மெல்லப் பின்வாங்கி, அந்த ஈரத்துணி வாடை கணுக்காலிலிருந்து ஏறியது. யாரும் கத்தவில்லை. எதுவும் விழவில்லை. ஒரு சின்னக் கை வந்து அவர் கைக்குள் நுழைந்தது.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. மூச்சு மட்டும் கேட்டது.

"சார்... குழந்தை எங்கே?"

"என் கையைப் பிடிச்சிட்டிருக்கா, டாக்டர்."

"மூலையில... பொம்மை அலமாரிக்குப் பக்கத்துல..." தணிந்த குரல் உடைந்தது. "இன்னொருத்தி இருக்கா. தலையெல்லாம் கலைஞ்சு. கத்தறா சார். எனக்கு எதுவும் கேட்கலை."

திரும்பினார். மூலையில் அலமாரி மட்டும்.

கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில், அதே மூலையில், சைரன். வாய் கிழியத் திறந்திருந்தது. உதடுகள் ஒரே சொல்லைத் தேய்த்தன. பாரு. பாரு. ஓடினார். அலமாரியை இழுத்துத் தள்ளினார். சுவரைப் பிராண்டினார். கண்ணாடியில் அவர் கைகள் அவளுக்கு ஒரு விரல் தூரத்தில் அலைந்தன. இங்கே சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்பு.

"என்னங்க தேடறீங்க? பாப்பா இங்கதானே இருக்கா" என்றாள் மனைவி. அதற்குள் அவள் இடுப்பில் ஏறியிருந்த இரட்டைப் பின்னல்காரி, டாக்டரம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தைக் குறிபார்த்து, கண்ணாடியை நோக்கிச் சிரித்தாள்.

"பார்க்கிறேம்மா! அப்பா பார்த்துட்டிருக்கேன்!"

கண்ணாடிக்குள் சைரன் வாயை மூடினாள். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். அவர்கள் நின்றது போலவே.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"நடந்தது, சார். நீங்க சொன்ன அத்தனையும் நடந்தது. நான் பார்த்தேன்."