தலைவர் படித்துக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ... செத்துட்டாரு!"

வியாபாரப் போட்டிக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய அலறல், லிஃப்டுக்குள் நின்றிருந்த இன்ஸ்பெக்டரின் காதில் பாய்ந்தது.

கதவு திறந்ததும் ஓடினாள்.

தலைவர் அறை வாசலில், கார்ப்பெட் மேல் குப்புறக் கிடந்தது ஓர் உடல். வெள்ளைச் சட்டை. எங்கேயோ போய் விழுந்திருந்த மூக்குக் கண்ணாடி. ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு சுவரோரம்.

மண்டியிட்டு அந்த முகத்தைத் திருப்பினாள்.

திடுக்கிட்டாள்!

அக்கா புருஷன்... மாமா!

விரலை மூக்கின் கீழே வைத்தாள். மூச்சு வந்தது. தாராளமாகவே வந்தது.

"யாரு சொன்னது செத்துட்டாருன்னு?"

"நான்தான் மேடம்..." தலைவரின் பி.ஏ. கையைப் பிசைந்தார். "பொத்துன்னு விழுந்து கண்ணை மூடிட்டாரு... அதான்..."

"கண்ணை மூடினவங்க எல்லாம் செத்தவங்கன்னா, மத்தியானத்துக்கு மேல இந்த ஆபீஸ்ல பாதிப் பேரைத் தூக்கிட்டுப் போகணும். தண்ணி கொண்டு வாங்க!"

தண்ணீர் முகத்தில் விழுந்ததும் மாமா கண்ணைத் திறந்தார். எதிரே மச்சினி, அதுவும் காக்கி உடுப்பில்.

"அம்மாடி... நீயா..."

இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்துத் தூக்கும் சாக்கில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வணக்கம் மேடம்!" என்றார் மாமா, முன்பின் பார்த்திராதவர் போல.

*

தலைவர் அறைக்குள் போகிற எவரும் வாசலில் இருந்த பிளாஸ்டிக் கூடையில் ஃபோனைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தலைவரின் ஃபோனும் அதில்தான் கிடந்தது. ரகசியம் காப்பதில் அவ்வளவு கண்டிப்பு.

"கேஸ் தெரியுமில்ல?" தலைவர் நாற்காலியில் பொங்கி வழிந்தார். "அந்த ஸ்டோர் கம்பெனி. அவங்க ஃபோனுக்கு அவங்க கடையிலேருந்து மட்டும்தான் ஆப் வாங்கணும். வேற கடைக்கு இடமே கிடையாது. ஒரு சின்னக் கம்பெனிக்காரன் குறிப்பு எழுதற ஆப் ஒண்ணு செஞ்சு, கடைல வைக்கச் சொல்லி கொடுத்தான். சோதிச்சுப் பார்க்கறோம்னு உள்ளே புகுந்து எல்லாத்தையும் பார்த்தாங்க. அடுத்த மாசமே அதே மாதிரி ஆப்பை அவங்களே ஓசில விட்டாங்க. சின்னவன் காலி!"

"தெரியும் சார்."

"இன்னிக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என் உத்தரவு. வெளில ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியாது. ஆனா காலையிலேயே அந்த ஸ்டோர் கம்பெனிக்காரன் பதில் மனு போட்டுட்டான்... நான் இன்னும் படிக்காத உத்தரவுக்கு!"

"ஊகிச்சு எழுதியிருக்கலாம் இல்லையா சார்?"

"ஊகமா? பதினாலாவது பத்தியில நானே யோசிச்சு ஒரு வரி போட்டேன். 'விரலால் தொட்டதெல்லாம் சம்மதமாகிவிடாது'ன்னு. அதை அப்படியே எடுத்துப் போட்டு, 'இது சட்ட வாசகமல்ல, மோசமான கவிதை'ன்னு எழுதியிருக்கான்!"

லீக் ஆனதைவிட மோசமான கவிதை என்று சொன்னதுதான் அவருக்கு அதிகம் வலித்தது போலிருந்தது.

"உத்தரவு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. டைப் பண்ணின ஸ்டெனோவுக்கு. நான் லீக் பண்ணலை. மிச்சம் யாரு? போலீஸ் வருதுன்னு சொன்னதுமே மயங்கி விழுந்தாரே... அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பன்னிரண்டுக்குள்ள ஆளை உள்ளே தள்ளுங்க. இல்லேன்னா, லீக் ஆன உத்தரவு செல்லாதுன்னு அவங்க கோர்ட்டுக்குப் போயிடுவாங்க!"

வாசலில் கூடை அலறியது. இன்ஸ்பெக்டரின் ஃபோன்.

எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்கு நடந்தாள். எதிர்பார்த்தபடியே அக்கா!

"ஏண்டி... அவரை ஜெயில்ல போடப் போறாங்களாமே! நீ இருந்துமா?"

"நான் இருக்கறதாலதான் இன்னும் போடலக்கா."

"அவரு பக்கத்து வீட்டு பேப்பரைக்கூட கேட்டுட்டுத்தாண்டி எடுப்பாரு! ராத்திரி சாப்பாட்டுக்கு மனுஷன் வீட்டுல இருக்கணும். இல்லேன்னா எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லவே இல்ல!"

டொக்.

சொந்தக்காரர் மாட்டிய வழக்கை விசாரிக்கக் கூடாது என்பது விதி. சொன்னால் வேறு அதிகாரி வருவார். வருகிறவர் முதலில் விலங்கை மாட்டிவிட்டு, அப்புறம்தான் பெயரைக் கேட்பார். அப்பா போன பிறகு இவளைப் படிக்க வைத்து, போலீஸ் தேர்வுக்கு ஸ்கூட்டரில் கொண்டு விட்டவர் அந்த மனுஷர்.

இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

*

"ஸ்டெனோ... உங்க கம்ப்யூட்டரைத் திறங்க."

தலைவர் அறை மூலையில் இருந்த தன் மேஜை முன் மாமா உட்கார்ந்தார். திரையில் ஆணையத்தின் சின்னம் சுழன்று நின்றது.

"இது என்ன?"

"எங்க சொந்த ஆப்!" தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "வெளி ஆளுங்க ஆப்பை நம்பக் கூடாதுன்னு நாங்களே செஞ்சோம். ரகசிய ஃபைல் எல்லாம் இதுக்குள்ளதான். கம்ப்யூட்டர்லயும் பார்க்கலாம், ஃபோன்லயும் பார்க்கலாம். எமனே வந்தாலும் உள்ளே நுழைய முடியாது!"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் காத்திருப்போர் கூடம் தெரிந்தது. அங்கே ஸ்டோர் கம்பெனியின் வக்கீல் கால்மேல் கால் போட்டு, ஃபோனைத் தடவியபடி புன்னகைத்துக் கொண்டிருந்தார். பளபளக்கும் கோட்டு. அதைவிடப் பளபளக்கும் ஷூ.

இன்ஸ்பெக்டர் குனிந்தாள்.

"உத்தரவோட கடைசியில நான் சொல்றதை டைப் பண்ணுங்க... 'இன்று விசாரணைக்கு வந்துள்ள கம்பெனி வக்கீலின் கைப்பேசி உடனே பறிமுதல் செய்யப்படும்.'"

"அப்படி நான் எழுதலையே!" என்றார் தலைவர்.

"ஷ்ஷ்... சார்!"

மாமாவின் விரல்கள் தடதடத்தன. முற்றுப்புள்ளி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் கதவையே பார்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். மாமா எச்சில் விழுங்கினார். இந்தக் கணக்கு தப்பினால் மாமாவைக் காப்பாற்ற அவளிடம் வேறு வழி இல்லை.

கூடத்தில் வக்கீலின் ஃபோன் அடித்தது!

காதில் வைத்தார். கேட்டார். புன்னகை காணாமல் போனது. இந்தப் பக்கம் பார்த்தார்... அந்தப் பக்கம் பார்த்தார்... குனிந்தார்... ஷூவைக் கழற்றினார்... ஃபோனை உள்ளே திணித்தார்... ஷூவை மாட்டிக்கொண்டு நொண்டியபடியே தண்ணீர் குடிக்கப் போனார்.

"பார்த்தீங்களா சார்? ஸ்டெனோ என் பக்கத்துல இருக்காரு. ரெண்டு கையும் கீபோர்டு மேல. ஃபோன் கூடையில. இவர் லீக் பண்ணலை!"

"பின்னே வேற யாரு?"

திரையின் மூலையில் குட்டியாக ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ வாசகம்.

"அது என்ன?"

"ஃபைலை இப்ப யார் திறந்து வெச்சிருக்காங்கன்னு காட்டும் மேடம்," என்றார் மாமா. "நான் அதையெல்லாம் பார்க்கறதில்ல. கண்ணாடி போட்டாலும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டு போனாள்.

'தலைவர் படித்துக்கொண்டிருக்கிறார்.'

மெல்லத் திரும்பினாள்.

தலைவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக் கொண்டிருந்தார்.

"சார்... நீங்க இப்ப உத்தரவைப் படிச்சுக்கிட்டிருக்கீங்க."

"நானா? நான் பிஸ்கட் சாப்பிடறேம்மா!"

"உங்க பேர்ல வேற யாரோ உள்ளே இருக்காங்க சார்!"

பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் மூழ்கியது.

*

கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் வந்து நின்றார். வரும்போதே பாதி அழுதிருந்தார்.

"தலைவரோட பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?" இன்ஸ்பெக்டரின் குரல் கத்தியாய் வந்தது.

"யாருக்கும் தெரியாது மேடம்... ஸ்டோர்காரங்களைத் தவிர."

"என்ன...?!"

"நம்ம ஆப் எல்லார் ஃபோன்லயும் ஏறணும்னா, அவங்க ஸ்டோர் வழியாத்தானே மேடம் வரணும்? அங்க ஆப்பைச் சோதிக்காம ஏத்த மாட்டாங்க. உள்ளே நுழைஞ்சு பார்க்க ஒரு பேரும் பாஸ்வேர்டும் கேட்பாங்க. எல்லாருக்கும் அதே ரூல்."

"ஒரு காலிக் கணக்கைத் திறந்து கொடுக்கறதுதானே?"

"கொடுத்தேன். உள்ளே ஒண்ணுமே இல்லை, எப்படிச் சோதிக்கறதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் திருப்பிட்டாங்க. சார்தான் கடுப்பாகி, 'என்னுடையதையே கொடுத்துத் தொலைய்யா'ன்னு..."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

எந்தச் சோதனையில் ரகசியம் பறிபோனது என்று ஒரு வருஷமாக விசாரித்தார்களோ, அதே சோதனைக்குத் தங்கள் ரகசியத்தைத் தாங்களே வரிசையில் நின்று கொடுத்திருக்கிறார்கள். அதுவும் மூன்றாம் முறை முயன்று!

தலைவரின் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது. பிறகு பொங்கியது.

"அயோக்கியனுங்க! அவங்களை அரெஸ்ட் பண்ணுங்க!"

"சட்டம் இடிக்குது சார்," மேனேஜர் மென்று விழுங்கினார். "சோதனைக்காக எப்ப வேணும்னாலும் உள்ளே பார்க்கச் சம்மதம்னு... நீங்க 'ஏற்கிறேன்' அழுத்தியிருக்கீங்க."

"படிச்சுப் பார்த்தா அழுத்தினேன்? அனுமார் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போகுது! அதையெல்லாம் எவன்யா படிப்பான்?"

"அதைத்தானே சார் உங்க பதினாலாவது பத்தியும் சொல்லுது?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

தலைவர் கழுத்தைச் சொறிந்தார்.

"அந்தப் பத்தியை... எடுத்துடலாம்னு இருந்தேம்மா. காலையில மனு போட்ட கையோட அந்தக் கம்பெனி வக்கீல் ரொம்பத் தன்மையா கேட்டுக்கிட்டாரு. படிக்காம அழுத்தினா செல்லாதுன்னு சொன்னா, வியாபாரமே படுத்துடும்னு..."

"எடுங்க சார். தாராளமா எடுங்க. ஆனா எடுத்தீங்கன்னா, உங்க 'ஏற்கிறேன்' செல்லும். நீங்களே சம்மதிச்சு ரகசியத்தைக் கொடுத்தவர் ஆயிடுவீங்க. என் அறிக்கையில லீக் பண்ணினவர்னு உங்க பேரைத்தான் போடணும்."

"எடுக்கலைன்னா...?"

"வெறும் ஏமாந்தவர்."

"அதுக்கு என்ன தண்டனை?"

"பெரிய பதவியில இருக்கறவங்களுக்கு அதுக்குத் தண்டனையே கிடையாது சார்."

தலைவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார், பிஸ்கட் சேற்றோடு. "பாஸ்வேர்டை மாத்துய்யா!" என்று மேனேஜர் மேல் பாய்ந்துவிட்டு, விசாரணை மண்டபத்துக்கு நடந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவர் படித்த படிப்பில் மைக் அலறியது! இனி அந்த ஃபோனில் வேறு கடைகளும் திறக்கலாம். சோதனையில் பார்த்ததைத் தன் வியாபாரத்துக்கு எடுத்தால் அபராதம். பதினாலாவது பத்தி வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "விரலால் தொட்டதெல்லாம் சம்மதமாகிவிடாது!" என்றார் இரண்டு முறை. சின்னக் கம்பெனிக்காரர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

வக்கீல், "இந்த உத்தரவால் மக்களின் அந்தரங்கத்துக்குப் பேராபத்து!" என்று கத்தினார். அப்போது அவருடைய ஷூவுக்குள் மணி அடித்தது.

*

வெளியே வெயில் கொளுத்தியது. ஜீப் அருகே மாமாவின் தோளை இன்ஸ்பெக்டர் தொட்டாள். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"பயந்தே போயிட்டேன் மாமா."

"நீ என் பொண்ணு மாதிரிம்மா..." மாமாவின் குரலும் தழுதழுத்தது.

டக்... டக்... பளபளக்கும் ஷூ ஒன்று அவர்களை நோக்கி வந்தது.

"ஸ்டெனோ சார்!" வக்கீல் தோற்றவர் போலவே இல்லை. கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். "நேத்து சாயங்காலம் எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல இந்தப் பென் டிரைவை விட்டுட்டுப் போயிட்டீங்க. உத்தரவோட காப்பின்னு சொன்னீங்களாமே? நாங்க திறக்கவே இல்லை. அடுத்தவங்க அந்தரங்கத்துக்கு எங்க கம்பெனி அவ்வளவு மரியாதை கொடுக்கும்!"

கார் கதவு சாத்தும் ஓசை. வக்கீல் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டரின் கை மாமாவின் தோளிலிருந்து நழுவியது.

"மாமா...?"

"அது வந்தும்மா... உங்க அக்கா அந்தக் கம்பெனி ஃபோன்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. என் சம்பளத்துல அதோட உறையைத்தான் வாங்க முடியும். அதான்..."

"வித்தீங்களா?"

"இல்லவே இல்லம்மா! எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'அதெல்லாம் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, அஞ்சாம் பக்கத்துல எழுத்துப்பிழை இருக்கு, திருத்துங்க'ன்னு துரத்திட்டாங்க!" மாமாவுக்கு ஆத்திரம் மூண்டது. "சரக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கலைம்மா. உள்ளுக்குள்ளேயே எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா, எங்களை மாதிரிச் சின்ன ஆளுங்க எப்படிப் பிழைக்கறது?"

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொப்பியைச் சரி செய்தாள். பென் டிரைவைக் கவரில் போட்டு ஒட்டினாள். ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள்.

"போட்டிச் சட்டப்படி உங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கு மாமா. கிரிமினல் சட்டப்படி... ஏறி உட்காருங்க!"