மைக்கில் படித்த பெயர்

2002 ஜூன் மாதம் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தமிழ் டீச்சராக வந்து சேர்ந்தேன். முதல் நாளே தலைமையாசிரியர் சுப்புராயன் சார் என் கையில் ஒரு சாவியைத் திணித்தார்.

"தேவப்பிரியம் டீச்சர், உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். ஆலோசனை அறையை நீங்க பாத்துக்குங்க. மனசு சரியில்லாத பிள்ளைங்க வந்து பேசுவாங்க. வியாழக்கிழமை மூணாவது பீரியட்."

எனக்குப் பொறுமை என்று யார் பட்டம் கொடுத்தார்களோ! என் வீட்டுக்காரர் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். புதிதாக வந்தவள் தலையில் எதையும் கட்டலாம், அவ்வளவுதான்.

தரைத்தளத்தின் கோடியில், பத்தாம் வகுப்பு 'சி' பிரிவை ஒட்டி இருந்தது அந்த அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பாதி திறக்கும் ஜன்னல். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் பள்ளிக்கூடம் முழுக்கத் தொழிற்சாலை நெடி அடிக்கும். அந்த அறைக்குள் மட்டும் அது வராது. ஈரச் சுண்ணாம்பு வாசனைதான் இருக்கும். கோடையிலும் சுவர் சில்லென்று இருக்கும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அடுத்த வாரம் ஆலோசனைக்கு வரவேண்டிய பிள்ளைகளின் பெயர்களை, வெள்ளிக்கிழமை பிரேயரில் எண்ணூறு பேர் முன்னால் சார் மைக்கில் படிப்பார். "படிச்சாத்தான் டீச்சர் ஒழுங்கா வருவாங்க" என்பார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வகுப்பு டீச்சர்கள் தந்த பெயர்களை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

வந்த பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். பெயர் படிக்கப்படாமல் வந்தவள் ஒருத்திதான்.

ஜூலை இரண்டாவது வியாழன் அது. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஒரு நொடி அறுந்தது. நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. அந்த வருடம்தான் சீருடையைச் சுடிதாராக மாற்றியிருந்தார்கள். இன்னும் தைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பேரு?"

"ராமசெல்வி. டென்த் சி."

"சொல்லும்மா."

"மகிழினியப் பாத்துக்குங்க மிஸ்." அவ்வளவுதான். நான் பேனாவை எடுத்துக் குறித்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த வியாழனும் வந்தாள். "மகிழினி சாப்பாட்டக் கொட்டிடுறா மிஸ். யார்கூடவும் பேசுறதில்ல." மகிழினி அதே 'சி' பிரிவில் கடைசி பெஞ்சில் உட்காரும் பெண். இவள் அவளுடைய தோழி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். அவரும் உடனே மகிழினி பெயரை அடுத்த வார வெள்ளிக்கிழமைப் பட்டியலுக்குத் தந்துவிட்டார். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி வேறு!

மூன்றாவது வியாழன். பட்டியலை சாரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எதிரில் அவள் ஏற்கெனவே இருந்தாள்.

அறை குளிர்ந்தது.

"மகிழினி பேரப் படிக்காதீங்க மிஸ்." உதடு அசைந்ததாகத் தெரியவில்லை. "என் பேர அப்படித்தான் படிச்சாங்க."

மின்விசிறி நின்றது. பக்கத்து வகுப்புச் சத்தமும் நின்றது. என் காதுக்கு மிக அருகில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது மட்டும் கேட்டது.

பிறகு அவள் இல்லை.

வெளியே ஓடினேன். வராந்தாவில் ஆயா செங்கொடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒரு பொண்ணு வெளிய போச்சா? தாவணி போட்டுக்கிட்டு. ராமசெல்வின்னு."

செங்கொடி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இன்னா மிஸ் சொல்ற? அது போன வருசமே பூட்ச்சே."

"எங்க போச்சு?"

"செத்துப் பூட்ச்சு மிஸ். இந்த ரூமுக்கு வரச்சொல்லி மைக்ல பேரு படிச்சாங்க. அன்னிலேர்ந்து ஒருத்தி பாக்கி இல்லாம பைத்தியம் பைத்தியம்னு கலாய்ச்சிகினே இருந்தாளுங்க. நாலு நாளு வந்துச்சு. அப்பால வரல." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நான்கூட ஒரு வார்த்த இன்னா ஏதுன்னு கேக்கல மிஸ்."

சாரிடம் போனேன். ஆவி கதையைச் சொன்னால் என் பெயரே பட்டியலில் ஏறிவிடும் என்று தெரியும். அதனால், "பேரை மைக்ல படிக்கவேணாம் சார்" என்று மட்டும் கெஞ்சினேன்.

"பதினஞ்சு வருஷ வழக்கம் டீச்சர்" என்று ஃபைலைப் புரட்டினார்.

மறுநாள் பிரேயர். முதல் பெயரைப் படித்தார். அந்தப் பெண்ணைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது பெயர். மூன்றாவது. கடைசி வரிசையில் மகிழினி கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு எதையும் யோசிக்கவில்லை.

மேடையேறி சார் கையிலிருந்த தாளைப் பிடுங்கினேன்.

அரை மணி நேரத்தில் எனக்கு மெமோ வந்தது. வரட்டும்.

சாயங்காலம் மகிழினி தானாகவே வந்தாள். இந்த முறை நான் பேனாவைத் தொடவில்லை.

"இன்னிக்கு என் பேரப் படிச்சிருந்தா, நாளிக்கி நான் இருந்திருக்க மாட்டேன் மிஸ்" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். "அப்பாவ வரச்சொல்லட்டுமா?" என்று கேட்டு, அவள் தலையசைத்த பிறகுதான் ஆளனுப்பினேன். அவள் அப்பா பரசுராமன் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேலை உடையோடு வந்து, "இன்னாம்மா, நைனாகிட்ட சொல்லக்கூடாதா?" என்று அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினார். மறுநாள் அவரோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். மகிழினி பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று வாரம் என் எதிரில் வந்து உட்கார்ந்தவளை ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே! செத்த பிறகும் அடுத்தவளுக்காகப் பேச வந்த பிள்ளை. உனக்கு என்ன என்று உயிரோடிருந்தபோதும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வியாழன், மூன்றாவது பீரியட். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"ராமசெல்வி, உனக்கு என்னம்மா கஷ்டம்?"

எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாற்காலியின் பிரம்பு மெல்ல அழுந்தியது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வகுப்புப் பெண் ஒருத்தி தலையை நீட்டினாள்.

"மிஸ், எங்க மிஸ் சொல்லச் சொன்னாங்க. இங்க யாரோ ரொம்ப நேரமா அழுதுகினு கீறாங்களாம். கிளாஸ் எடுக்க முடியலயாம். கொஞ்சம் மெதுவா அழச் சொல்லணுமாம்."

"சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்று கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.