வாசப்பூட்டு

ஸ்டெல்லா மணமுனையைக் கடைப் பலகையில் டொக்கென்று வைத்த விதத்திலேயே ஜெசிந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நேத்துதான கழுவிக் குடுத்த? இன்னைக்கு விடியவுமே வாய்க்கா நாறுது ஜெசி. உப்பு பாக்க சாம்பார நாக்குல வச்சா, சாக்கடைத் தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்கு."

"கழுவுனதாலதான் மைனி நாறுது. துளையில அடைச்சிருந்த பிசினெல்லாம் போயிட்டுல்லா."

"அப்ப கழுவாத."

ஸ்டெல்லா, ஜெசிந்தாவின் அண்ணன் விக்டரின் மனைவி. வட்டக்குளம் பொதுச் சமையல்கூடத்தில் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு தினமும் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். அந்தக் கூடம் கழிவுநீர் வாய்க்காலை ஒட்டி, தெருவைவிட ஒரு ஆள் உயரம் பள்ளத்தில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்பு அங்கே யாரும் ஐந்து நிமிஷம் நின்றிருக்க மாட்டார்கள். வாசப்பூட்டு வந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் எதையும் கட்டலாம் என்றாகிவிட்டது.

முதலில் அது சிகரெட்டை விடுவதற்கான சாமானாகத்தான் வந்தது. கையடக்கமான ஆவிக்குழல், அதன் தலையில் மாட்டிக் கழற்ற ஒரு முனை, முனைக்குள் சூட்டுச்சுருள், பஞ்சு, கொஞ்சம் மணச்சாறு. முனையை மாற்றினால் மணம் மாறும். அப்புறம் யாரோ ஒரு புது ஆவியைக் கண்டுபிடித்தார்கள். அது மூக்கின் நரம்பில் போய் உட்கார்ந்து ஆறு மணி நேரம் இறங்காது. காலையில் ஏலக்காய் முனையை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் மதியம்வரை உலகமே ஏலக்காய்தான். குப்பைமேடும் ஏலக்காய், பேருந்தும் ஏலக்காய். புகையிலைச் சத்து காலப்போக்கில் கழன்றுபோய் மணம் மட்டும் நின்றது. சாக்கடை பற்றிய மனுக்கள் குறைந்தன, பிறகு நின்றன. வாய்க்காலைத் தூர்வாருவதைவிட வீட்டுக்கு வீடு குழல் கொடுப்பது சுலபம் என்று மாநகராட்சியும் கண்டுகொண்டது. வட்டக்குளத்தில் பிறக்கும் குழந்தைக்கு மூன்றாம் மாதத்திலிருந்து தொட்டில் ஆவி.

ஆனால் எல்லா நாற்றத்தையும் மறைத்துவிட்டால் ஆபத்து என்று சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒவ்வொரு முனையிலும் ஊசி முனை அளவுக்கு ஒரு காப்புத்துளை இருக்க வேண்டும். அதன் வழியே கொஞ்சம் வெறும் காற்றும் கலந்து போகும். பூட்டு முழுதாக விழாது. கடுமையான நாற்றம் மட்டும் இடுக்கில் கசிந்து மூக்கை எட்டும். மணச்சாறு காய்ந்து பிசினாகி அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால் வாரம் ஒருமுறை முனையைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் அலசி, துளையைக் கம்பித் தூரிகையால் நீவி, நிழலில் உலர்த்தி, புதுப் பஞ்சு வைக்க வேண்டும். ஜெசிந்தாவின் பிழைப்பு அதுதான். உரிமம் பெற்ற முனைக்காரி. முனைக்காரி மட்டும் தன் மூக்கைப் பூட்டக்கூடாது என்பது விதி. பூட்டினால் எது கசிகிறது, எது கருகுகிறது என்று பார்க்க முடியாது. அந்தப் பேட்டையிலேயே வெறும் மூக்கோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

கைராசிக்காரி என்று பெயர். மீன் ஏலக்கூடத்துக்காரருக்கு மல்லிகை கொடுத்தால் கசிவோடு சேர்ந்து பிண வீட்டு வாடை அடிக்கும், அவருக்கு ஆரஞ்சுத் தோல். டயர்க் கிடங்கில் இருப்பவருக்குக் காபி. சோம்பு முனையில் வேறு சாறு ஊற்றவே கூடாது, பத்து முறை கழுவினாலும் சோம்பு போகாது. பஞ்சைத் திணிக்காமல் வைத்து, சாறு ஊறப் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் பஞ்சு கருகி, ஆறு மணி நேரம் கருகலை மோந்துகொண்டே திரிய வேண்டியதுதான். ஸ்டெல்லாவுக்கு அவளே யோசித்துத் தேர்ந்தெடுத்தது தாளிப்பு முனை. கடுகும் கறிவேப்பிலையும். அடுப்படியில் நிற்பவளுக்கு அதுதான் உறுத்தாது.

"வாய்க்கா கெடக்க கெடப்புக்கு எப்பவுமே கசியத்தான் செய்யும் மைனி. சட்டப்படி தொறந்துதான் வைக்கணும்."

"சட்டம் போட்டவுக வந்து எங்கூட அந்தக் குழியில நிக்கட்டும். நீ என்னத்தையாவது வச்சு அடை. நான் யார்ட்ட சொல்லப்போறேன்?"

ஜெசிந்தா ஒரு நிமிஷம் யோசித்தாள். மெழுகுவர்த்தியைச் சுரண்டி, ஊசி நுனியில் உருக்கி, துளையில் ஒரு சொட்டு வைத்தாள். ஸ்டெல்லா இழுத்துப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"இப்பதாம்ட்டி சோறு பொங்குத மாதிரி இருக்கு!"

ஸ்டெல்லா யாரிடமும் சொல்லவில்லை; சமையல்கூடத்தில் இருந்த ஆறு பேரிடம் மட்டும் சொன்னாள். ஒரு மாதத்தில் பேட்டை முழுக்க ஜெசிந்தாவிடம் வந்தது. அவள் முனைகள் கசியாது என்று வேறு பேட்டைகளிலிருந்தும் வந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாநகராட்சி ஏட்டில் 'துளைகள் திறந்துள்ளன' என்று கையெழுத்துப் போடும்போது முதலில் அவளுக்குக் கை கூசியது. பிறகு கூசவில்லை. சந்தோஷமாகப் போகிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொரு மணி இருக்கும். வாய்க்கால் தலைமாட்டில், கழிவுநீரை மேலேற்றித் தள்ளும் கழிவேற்று நிலையத்தில், பல வருஷமாக அடைத்துக் கிடந்த ஒரு தொட்டியைத் திறந்து இயந்திரத்தைவிட்டுக் கலக்கினார்கள். ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று பலமாக எழுந்தது மட்டும் தெரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைக்கு முன்னால் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"என்னக்கா, ரொம்ப நாறுதோ? பாவம் நீங்க."

வழக்கமாக நாறுவதுதானே, இன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்தபடி, சமையல்கூடத்துப் பெண்கள் காலை இழுப்பு முடிந்ததும் கொடுத்தனுப்பிய ஏழு முனைகளைக் கழுவி மெழுகு வைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு சமையல்கூடத்துக்கு நடந்தாள். பள்ளத்துச் சரிவில் பத்தடி இறங்கியிருப்பாள். நாற்றம் சட்டென்று நின்றுவிட்டது.

விளக்கை அணைத்த மாதிரி நின்றது. ஜெசிந்தா முந்தானையை இறக்கி, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள்.

அடுத்த கணம் இருந்த இடத்திலேயே நின்றாள். உரிமப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: சாக்கடையில் கிளம்பும் அந்த அழுகிய முட்டை வாயு கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாறும், அளவுக்கு மீறினால் மூக்கே செத்துப்போகும், நாற்றம் நின்றால் ஓடு. கண் எரிந்தது. திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள். ஸ்டெல்லா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒரு பெண் காய் நறுக்கும் பலகைமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள், தூங்குகிற மாதிரி.

"மைனி! வெளிய வாங்க! எல்லாரும் வாங்க, விஷவாயு!"

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். "என்னட்டி கத்துத? ஒண்ணும் நாறலியே. நல்ல தாளிப்பு வாசம்லா வருது."

"மைனி, உங்களுக்கு நாறாது! துளைய நான்லா அடச்சு வச்சிருக்கேன்! வாங்க மைனி!"

அவள் குரலில் இருந்த பயத்தைக் கேட்டுத்தான் மூன்று பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். தலை சுற்றுகிறது என்று ஒருத்தி சொன்னாள். ஸ்டெல்லாவும் வாசலுக்கு வந்துவிட்டாள். வந்தவள் நின்றாள்.

"அடுப்ப அணைச்சிட்டு வந்துருதேன். முந்நூறு பேரு சோறு, அடி பிடிச்சிரும்."

ஜெசிந்தா எட்டிப் பிடித்தது அவள் முந்தானை நுனியை. அது கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. ஸ்டெல்லா நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் கால் மடங்கி, கையில் கரண்டியோடு, எந்தச் சத்தமும் இல்லாமல் விழுந்தாள்.

ஜெசிந்தா உள்ளே போகப் பார்த்தாள். வெளியே வந்த பெண்களில் ஒருத்தி அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். சரிவின் மேலே கூடிய ஜனம் கீழே இறங்கப் பார்த்தது. "ஒரு வாடையும் இல்லையே, என்ன விஷவாயு?" என்று கேட்டார்கள். இரண்டு ஆண்கள் இறங்கியே விட்டார்கள். அவர்களும் திரும்பி வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வந்து தூக்கியபோது மொத்தம் ஆறு உடல்கள்: ஸ்டெல்லா, உள்ளேயே கிடந்த மூன்று பெண்கள், அந்த இரண்டு ஆண்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி தணிகைவேல் மரியாதையான மனிதர். ஜெசிந்தாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மெழுகு வச்சு அடச்சது நான்தான் சார். எழுதிக்கோங்க."

அவர் எழுதவில்லை. "ஏட்டுல துளை திறந்திருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா."

"அது பொய் சார்."

"பொய்னு நான் எழுதினா ஊர்ல உள்ள அத்தனை முனையையும் பிரிச்சுப் பாக்கணும். உங்கள மாதிரி எத்தன பேரு அடச்சு வச்சிருக்காங்களோ. எல்லாத்தையும் திறந்துவிட்டா ஊரே மோந்து பாக்கும். அப்புறம் வாய்க்கால ஏன் முப்பது வருஷமா தூர்வாரலன்னு கேப்பாங்க." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "உங்க மைனி கஷ்டப்படலம்மா. முகத்தப் பாத்தீங்கல்ல? அமைதியா இருந்தது. அதை நினைச்சுத் தேத்திக்கோங்க."

'எதிர்பாராத வாயுக்கசிவு' என்று கோப்பு முடிந்தது.

தன்னை யாரும் தண்டிக்கப் போவதில்லை என்று தெரிந்தபோது ஜெசிந்தா தானே ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போனாள். முனைகளை வாங்கி மெழுகைச் சுரண்டி எடுத்தாள், துளைகளை நீவித் திறந்தாள். இரண்டு நாள் எல்லோரும் கண்ணீரோடு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் திட்டத் தொடங்கினார்கள். சோறு இறங்கவில்லை, மணமும் நாற்றமும் கலந்து அடித்துப் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், பேட்டையே பிணமாக நாறுகிறது.

ஐந்தாம் நாள் அண்ணன் விக்டர் கடைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். முனையைப் பலகைமேல் வைத்தான்.

"அடைச்சுக் குடு."

"அண்ணே, நீயா கேக்க?"

"வீட்டுக்குள்ள அவ இல்ல. அந்த நாத்தம்தான் இருக்கு. மூச்சு விடும்போதெல்லாம் அவள எடுத்துட்டுப் போனது உள்ள வருது." முனையை அவள் பக்கம் தள்ளினான். "ஒரு ஆறு மணி நேரமாவது நிம்மதியா இருக்கேன் பிள்ள. அடைச்சுக் குடு."

"நான் மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

விக்டர் முனையை எடுத்துக்கொண்டு போனான். பேருந்து நிறுத்தத்துப் பக்கம் புதிதாக ஒரு முனைக்கடை திறந்திருந்தது. மறுவாரம் வட்டக்குளம் மொத்தமும் அங்கேதான் போயிற்று.

மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. நான்கு மாதத்தில் எச்சரிக்கை முனை வந்தது. அதற்குத் துளை கிடையாது, அடைக்கவும் முடியாது. உள்ளே கடுகளவு உணரி. காற்றில் விஷவாயு கூடினால், குழல் கழுத்தில் தொங்கும்போதே அது மறுஆவி ஒன்றைப் பீய்ச்சும், வாசப்பூட்டு உடையும், கூடவே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். செத்தவன்கூட எழுந்து ஓடுவான் என்றார்கள். ஜெசிந்தா அதைக் கழற்றி, மாட்டி, ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். தன்னையறியாமல் கடை வாசலுக்கே ஓடிவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அழுதாள், ஆறுதலில். பள்ளி மைதானத்தில் முனை வழங்கும் முகாமுக்கு அவளையே கூப்பிட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றாள்.

வரிசையில் முதலில் வந்தவள் மரியசெல்வி. இருபது வயது, ஏழு மாதக் கர்ப்பம். ஜெசிந்தா அவள் குழலில் முனையை மாட்டினாள்.

"பயப்படாத பிள்ள, சோதனைக்குத்தான். இந்த வாடை வந்தா என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு மேட்டுக்கு ஓடிரணும். என்ன?"

முனையில் இருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினாள். தன் மூக்கை மூடிக்கொண்டாள். மரியசெல்வியின் கண்கள் விரிந்தன. மூக்குத் துவாரம் துடித்தது. பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து பூட்டியே இருந்த மூக்கு அது; துளையில் கசிந்ததைக்கூட மணத்தோடு கலந்துதான் மோந்திருந்தது.

"எக்கா," என்றாள் மெதுவாக. "இது என்ன மணம்? நான் மோந்ததே இல்லையே."

"மணமில்ல பிள்ள, நாத்தம். அழுகின முட்டை."

"அப்படின்னா?" மரியசெல்வி மறுபடியும் இழுத்தாள். "தொண்டைவரைக்கும் போகுதுக்கா. ஏலக்கா, மல்லி எல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. இன்னொரு தடவ அழுத்துங்களேன்."

வரிசையில் பின்னால் நின்ற இளைஞர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எனக்கு, எனக்கு" என்று கைகள் நீண்டன. ஜெசிந்தா கத்தினாள், கெஞ்சினாள், நாற்றம் என்றால் என்ன என்று விளக்கப் பார்த்தாள். விளக்குவதற்கு அவளிடம் வார்த்தை இருந்தது. அவர்களிடம் அந்த வார்த்தைக்குள் எதுவும் இல்லை. சாயங்காலத்துக்குள் அத்தனை முனைகளும் தீர்ந்துபோயின. சோதனைப் பொத்தானை அழுத்திப் பிடிக்கக் கூடாது என்று மாநகராட்சி மூன்று முறை ஒலிபெருக்கியில் அறிவித்தது. வார முடிவில் எல்லா முனைகளிலும் சோதனைச் சாறு வற்றிவிட்டது. விபத்துக்கென்று தனியாக அடைத்துவைத்திருந்த சாறு மட்டும் மிச்சம்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை முற்பகலில் கழிவேற்று நிலையத்தில் இன்னொரு தொட்டியைத் திறந்தார்கள். வட்டக்குளத்தில் இருந்த எச்சரிக்கை முனைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பீய்ச்சின.

ஜெசிந்தா கடையை அப்படியே போட்டுவிட்டு, "ஓடுங்க, மேட்டுக்கு ஓடுங்க" என்று தெருவில் இறங்கி ஓடினாள். வீட்டு வாசல்களிலும் சரிவிலும் வாய்க்கால் கரையிலும் ஜனங்கள் வந்து நின்றிருந்தார்கள். சிலர் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் கண்களை மூடி, முகத்தை நிமிர்த்தி, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார்கள்.