ஹிக்மன் தாத்தாவின் துடைப்பக்கட்டை

எங்கள் டெரிக் அண்ணன் பாட்டுப் பயிற்சி செய்தால் வீட்டிலுள்ள தேநீர்க் கோப்பைகள் எல்லாம் நடனமாடும். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

அவன் அறை மாடியில். அதற்கு நேர் கீழே சமையலறை. அவன் காலில் அரையடி உயரத்துக்குக் கட்டை வைத்த வெள்ளி நிறப் பூட்ஸ். அதோடு தரையை மிதித்தால், தொம் தொம் தொம்!

உடனே பக்கத்து வீட்டு ஹிக்மன் தாத்தா துடைப்பக்கட்டையால் சுவரை இடிப்பார். டக் டக்!

"நிறுத்துடா தடியா! மனுஷன் நிம்மதியா ஒரு வாய் டீ குடிக்க வேணாமா?"

தொம் தொம் தொம். டக் டக்! தினமும் இதே கதைதான். கிதார் சத்தம் கீழே வராது. அதனால் அப்போது பத்து வயது நோரீனாகிய நான், அண்ணன் எழுதிய 'கதவைத் திற, மேபல்' என்ற பாட்டே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் ஊரான வில்லன்ஹாலில் வீட்டுக்கு ஒருவராவது பூட்டுத் தொழிற்சாலையில் இருப்பார். அப்பாவும் அங்கேதான். அண்ணனையும் இழுத்துப்போகப் பார்த்தார். அவனோ நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'வெள்ளி ஸ்பேனர்கள்' என்று ஒரு குழு தொடங்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மாலை தொழிலாளர் மன்றத்தில் அவர்கள் கச்சேரி. இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிக்காரர் மிஸ்டர் ஸ்லோன் லண்டனிலிருந்து கேட்க வருகிறார். பிடித்துவிட்டால் பாட்டு இசைத்தட்டாகிவிடும். அண்ணன், அம்மா கோழி சுட வைத்திருந்த வெள்ளித்தாளைக் கோட்டு முழுக்க ஒட்டிக்கொண்டு, கன்னத்தில் மினுக்குப்பொடி பூசி இறங்கி வந்தான்.

"என்னடா இது, மாப்பிள்ளையா, கிறிஸ்துமஸ் மரமா?" என்றார் அப்பா. அப்புறம் முகம் மாறிவிட்டது. "இதோ பாரு. அந்த லண்டன்காரர் வேணாம்னுட்டா, திங்கக்கிழமை காலையில என்கூட வேலைக்கு வர்ற. பேச்சு மாறக் கூடாது."

"சரிப்பா" என்றான் அண்ணன்.

"ஏன்டா, கரண்ட் இருக்குமா?" என்று அம்மா கேட்டாள். சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்த பிப்ரவரி அது. நிலக்கரி இல்லாததால் ஊர் ஊராக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கே, எப்போது என்று செய்தித்தாளில் வரும்.

"பேப்பர்லயே பார்த்துட்டேம்மா. இன்னைக்கு நமக்குப் போகாது."

மன்றத்தில் நல்ல கூட்டம். ஹிக்மன் தாத்தாகூட வந்திருந்தார். பாட்டுக்காக அல்ல, இறைச்சிப் பணியாரத்துக்காக.

அண்ணன் கிதாரைத் தொட்டான். அவ்வளவுதான். பட்டென்று விளக்குகள் அணைந்தன.

"எந்தப் பேப்பர்லடா பார்த்தே?" அப்பாவின் குரல் இருட்டில் கேட்டது.

"சிப்ஸ் மடிச்சுக் குடுத்தாங்களே, அந்தப் பேப்பர்ல..."

"அது போன வாரப் பேப்பர்டா, அறிவுக்கொழுந்தே!"

மின்சாரக் கிதாரில் சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கியும் ஊமை. "டிரம் இருக்குல்ல!" என்று எழுந்த டிரம்மர் பில், உயரப் பூட்ஸ் தடுக்கிப் பெரிய டிரம்மைக் கிழித்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போய்விட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மிஸ்டர் ஸ்லோன் எழுந்தார். "பரவாயில்லப்பா. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று கோட்டை எடுத்தார்.

போச்சு! திங்கட்கிழமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது காலடியில் யாரோ முனகுவது கேட்டது. கைவிளக்கை அடித்தேன். ஹிக்மன் தாத்தா மேசைக்கடியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா தேடறீங்க?"

"கைத்தடியைத்தான். இந்த எழவு இருட்டுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

குனிந்து தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த நொடியில் எனக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய் மேடையில் ஏறினேன்.

"அண்ணா, மிதி!"

"என்னடி?"

"வீட்டுல மிதிப்பியே, அப்படி மிதிண்ணா! கிதாரை விடு!"

விளக்கை அவன் கோட்டின் மேல் அடித்தேன். வெள்ளித்தாள் பளபளத்து, கூரையெங்கும் ஒளிப்பொட்டுகள் ஓடின. "ஓ!" என்றது கூட்டம். இருட்டுக்காலம் ஆயிற்றே, எல்லோரிடமும் கைவிளக்கு இருந்தது. எல்லா வெளிச்சமும் அண்ணன் மேல் விழுந்தது.

அண்ணன் மரமேடையை மிதித்தான். தொம் தொம் தொம்!

உடனே கூட்டத்தின் நடுவிலிருந்து...

டக் டக்! "நிறுத்துடா தடியா! இங்கேயும் வந்துட்டியா?"

கூட்டம் ஆரவாரம் செய்தது. அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டார்கள்!

"கதவைத் திற, மேபல்!" என்று அண்ணன் பாடினான். தொம் தொம் தொம்! டக் டக்! கதவைத் தட்டுகிற பாட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தாத்தா கோபத்தில் தரையை இடிக்க இடிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தொழிற்சாலைப் பூட்ஸோடு மிதிப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

மிஸ்டர் ஸ்லோன் ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். ரயில் போயே போய்விட்டது.

அண்ணன் திங்கட்கிழமை பூட்டுத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. பிறகு லண்டனில் பாட்டைப் பதிவு செய்தபோது, என்னென்னவோ கருவிகளை வைத்துப் பார்த்தும் அந்த டக் டக் சரியாக வரவில்லையாம். கடைசியில் ஹிக்மன் தாத்தாவை ரயிலேற்றிக் கூட்டிப்போனார்கள். துடைப்பக்கட்டைக்கு ஜன்னலோர இருக்கை வேண்டும் என்று தாத்தா அடம்பிடித்தார். இசைத்தட்டை உற்றுக் கேட்டால் நடுவே "நிறுத்துடா தடியா!" என்று அவர் திட்டுவதும் கேட்கும்.

வெள்ளித்தாள் கோட்டுக் காலம் எப்போதோ போய்விட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. கல்யாண விருந்தா, பள்ளி விழாவா, அங்கே அது உண்டு. போன வாரம் கால்பந்து மைதானத்தில் நம் ஆட்கள் கோல் போட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து மிதித்தது. தொம் தொம் தொம்! டக் டக்! "நிறுத்துடா தடியா!"

பக்கத்து இருக்கைச் சிறுமி தொண்டை கிழியக் கத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இந்த டக் டக் சூப்பரா இருக்குல்ல? யாரு கண்டுபிடிச்சது?"

"இந்தப் பாட்டைக் கொஞ்சம்கூடப் பிடிக்காத ஒருத்தர்" என்றேன்.